அன்னம்மாளிடம் கேட்டது

சிங்கப்பூரில் செங்காங்கில் எல்ஆர்டி ரயில் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் அடுக்குமாடி புளோக்குகளில் ஒன்றில், பதினோராம் மாடியில் இருக்கிறது பிலோமினம்மாளின் வீடு. ஹாலில் சோபா இருந்த இடத்தில் மூன்று வருஷமாக ஆஸ்பத்திரிக் கட்டில் கிடக்கிறது. கட்டிலின் மேல் காற்று மெத்தை. அதற்குக் காற்றடைக்கும் சின்ன மெஷின் ராத்திரி பகல் உறுமிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். பிறகுதான் கட்டிலைப் பார்ப்பார்கள்.

கட்டிலில் கிடப்பவன் மகன் ஜேடன். கண் திறந்திருக்கும். யாரையும் பார்க்காது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவன் சுருண்டு விழுந்தான். இதயம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து, நெஞ்சை அமுக்கி, கரண்ட் வைத்து, இதயத்தை ஓட வைத்துவிட்டார்கள். அதற்குள் மூளைக்கு ரத்தம் போகாமல் போயிருந்தது. எம்ஆர்டி ரயில் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. நல்ல உயரம். மெத்தையில் காலை நீட்டிப் படுக்க வைத்தால் பாதம் கட்டில் கம்பியைத் தொடும்.

காலையில் எழுந்ததும் பிலோமினம்மாள் மூக்குக் குழாய் வழியாக அவனுக்குப் பால் விடுவாள். பிறகு மருந்தைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து அதே குழாயில் விட வேண்டும். தொண்டையில் சளி கட்டினால் மெஷின் போட்டு உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது அவன் உடம்பு தூக்கிப் போடும், முகம் சிவந்து கண்ணோரம் தண்ணீர் வழியும். அது அழுகை இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடவும், டயப்பர் மாற்றவும், ஈரத்துணியால் உடம்பு துடைத்து இடுக்கெல்லாம் பவுடர் போடவும் வேண்டும். பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரேங்கும் நாசி லெமாக்கும் விற்றுக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டாள். நடுவில் மியன்மாரிலிருந்து ஒரு பெண்ணை வைத்துப் பார்த்தார்கள். அவள் சில மாசத்தில், "ஆன்ட்டி, எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது" என்று சொல்லிப் போய்விட்டாள்.

அவள் புருஷன் சூசைநாதன் ஜூரோங் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டியவர். மகன் விழுந்த வருஷமே ஓய்வு பெற்றார். புரட்டிப் போடக் கை கொடுப்பார். தோளுக்கடியில் கை விட்டுத் தூக்குவதில் அவருக்கு நல்ல பலம் இருந்தது. ஆனால் சளி மெஷினை எடுத்தால் மட்டும் எழுந்து காரிடாருக்குப் போய்விடுவார். பிறகு லிஃப்ட் சத்தம் கேட்கும். கீழே காப்பிக்கடையில் பாலில்லாத கோப்பி ஓ ஒன்றை வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பார். பிலோமினம்மாள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விட்டுவிட்டாள்.

வாசலில் சும்மா சாத்திக் கிடந்த சைக்கிள் ஜேடனுடையது. அவனும் ராணுவச் சேவையில் கூட இருந்த ரஞ்சனும் இன்னும் சில பேரும் பினாங்குப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர்வரை மிதித்து வருவதாக ஒரு காலத்தில் திட்டம் போட்டிருந்தார்கள். இந்த வருஷம் அதைச் செய்யப் போவதாக ரஞ்சன் வீட்டுக்கு வந்து சொன்னான். அங்கே புக்கிட் மெர்தாஜாமில் மாதாவின் தாய் அன்னம்மாளுக்கு இருக்கும் கோயிலின் திருவிழா முடிந்ததும் அங்கேயிருந்து கிளம்புவதாக ஏற்பாடு.

சூசைநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வர்றேன்" என்றார்.

"அங்கிள், அது ரொம்பத் தூரம் லா. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல."

"அவன் சைக்கிள்ல வர்றேன். டயர் மட்டும் மாத்திக் குடு."

ரஞ்சன் பிலோமினம்மாளைப் பார்த்தான். அவள் ஜேடனின் வாயோரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாங்க" என்றாள். 'காப்பிக்கடை பத்தாமல் போய்விட்டது மனுஷனுக்கு' என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஆஃபிர் ரோடு மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் அதை நேர்ச்சை என்று எடுத்துக்கொண்டார்கள். மகன் எழுந்து நடக்க அப்பன் அன்னம்மாளிடம் போய் வேண்டி, சைக்கிள் மிதித்து வருகிறார் என்று பூசை முடிவில் அறிவித்தார்கள். மரியாயின் சேனை ஜெபக்குழுவின் தலைவி வீடு தேடி வந்து பிலோமினம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்த மாதிரி ஒரு தகப்பன் யாருக்கும்மா கிடைக்கும்" என்றாள். பிலோமினம்மாள் அவளுக்கு மைலோ கலந்து கொடுத்து அனுப்பினாள்.

அவர்கள் கிளம்பிய நாள் முதல் போனில் படங்கள் வந்தபடி இருந்தன. ஈப்போவில் சுண்ணாம்பு மலைக்கு முன்னால் சூசைநாதன். தாப்பாவில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வாழை இலையில் சாப்பிடுகிற சூசைநாதன். தஞ்சோங் மாலிமில் யாரோ ஒரு மலாய்க்காரர் அவர் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார். மனுஷர் கறுத்துப்போய்விட்டார், கன்னம் ஒட்டிவிட்டது. எந்தப் படத்திலும் அவர் சிரிக்கவில்லை. கோயில் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். மகள் ஷாரன் உட்லண்ட்ஸிலிருந்து போன் போட்டு, "மா, அப்பாவப் பாத்தியா? ஹீரோ மாதிரி இருக்காரு லா" என்றாள்.

"பாத்தேன். நீ சனிக்கிழமை கொஞ்சம் வந்து நில்லு. தலை குளிச்சு ரொம்ப நாளாச்சு."

அவள் தலை குளிக்கவில்லை. அதற்கு முந்தியே ஜேடனுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் பால் விடப் போனவள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் குழாயை மூடி வைத்தாள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கடியில் குழி விழுந்தது. வெளியே சுமத்ராப் பக்கமிருந்து வீசும் காற்றோடு மழை அடித்துக் காரிடாரெல்லாம் தண்ணீர். தேசிய தினத்துக்குக் கட்டியிருந்த கொடிகள் நனைந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸ்காரர்களால் ஸ்ட்ரெச்சரை லிஃப்ட்டுக்குள் சாய்த்து நிறுத்தித்தான் இறக்க முடிந்தது. அவ்வளவு உயரம் அவன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்ன வயசுச் சீனப் பெண். ஷாரனையும் பிலோமினம்மாளையும் தனி அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நிதானமாகப் பேசினாள். கேன்டீனில் டீச்சர்களோடும் பிள்ளைகளோடும் பேசிப் பழகியவளுக்கு அந்த இங்கிலீஷ் புரிந்தது. ஆனாலும் ஷாரன் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"மா, ரெண்டு பக்கமும் நிமோனியா. மருந்து குடுக்குறாங்க. ஆனா அவன் உடம்பு தாங்குமான்னு தெரியலயாம். இன்னும் மோசமானா மூச்சுக்குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும். வச்சா அப்புறம் எடுக்க முடியாமயும் போகலாம். தொண்டையில ஓட்டை போட வேண்டி வரலாம். அவங்க நினைக்கிறது, அது அவனுக்குக் கஷ்டம்தான் கூட்டும்னு. நம்ம என்ன நினைக்கிறோம்னு கேக்குறாங்க."

பிலோமினம்மாள் மேஜைமேல் இருந்த டிஷ்யூ டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றாள்.

"என்னம்மா வேணாம்?"

"குழாய் போட வேணாம். மருந்து மட்டும் குடுக்கச் சொல்லு. அதுக்கு மேல எதுவும் வேணாம்."

ஷாரன் நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்தினாள். பிறகு மெதுவாக, "அப்பாவக் கேக்க வேணாமா? யோங் பெங்லதான் இருக்காராம். கார் எடுத்தா மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்" என்றாள்.

"அவரக் கேட்டா போடுன்னுதான் சொல்லுவார். சொல்லிட்டுக் கீழ போய் காப்பிக்கடையில உக்காந்துக்குவார். அந்த ஓட்டைய நான்தான் கழுவணும்."

"மா."

"கோவத்துல சொல்லல. உள்ளதச் சொல்றேன். மூணு வருஷமா என் கையிலதான் இருக்கான். அந்த மெஷின உள்ள விடும்போது அவன் துடிக்கிறது எனக்குத் தெரியும். அது வலியில்லன்னு அவங்க சொல்றாங்க. இருக்கட்டும். நான் சொல்லிட்டேன், போதும்."

ஷாரன் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டி, பிலோமினம்மாளின் முழங்கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று பிலோமினம்மாள் மகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அப்பா வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்று ஷாரனுக்குப் பயம். ரஞ்சனுக்கு மட்டும் விஷயத்தை அனுப்பி, வாயைத் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வரும் சாமியார் ஒருவர் வந்து சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். தமிழ் தெரியாதவர். அவர் இங்கிலீஷில் ஜெபம் சொல்ல, பிலோமினம்மாள் 'ஆமென்' மட்டும் சொன்னாள். தனியாக இருந்தபோது ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். எதற்கென்று சொல்வது என்று தெரியவில்லை. திரும்பப் பையில் போட்டுவிட்டு, அவன் காலடியில் உட்கார்ந்து நகம் வெட்டினாள். அவன் எந்தக் கோலத்திலும் போகட்டும், நகம் வளர்ந்து போகக் கூடாது என்று தோன்றியது. விரல் விரலாக வெட்டி, கையில் சேர்த்து, குப்பையில் போட்டாள். மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. இடையில் ஒரு தடவை நீளமாக நின்றது. அவள் எழுந்து நின்றாள். மறுபடி வந்தது.

அப்புறம் காய்ச்சல் இறங்கியது. யாரும் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். சிரித்தாள். "ஆன்ட்டி, ஹி இஸ் அ ஃபைட்டர்" என்றாள். பிலோமினம்மாள் "தேங்க் யூ" என்றாள். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சூசைநாதன் வந்து சேர்கிற நாள். ஷாரன், "நான் இங்க இருக்கேன், நீ போ. நீ போகலேன்னா எல்லாரும் கேப்பாங்க" என்று தள்ளி அனுப்பினாள். பிலோமினம்மாள் அதே சேலையோடு எம்ஆர்டி ஏறித் தேக்காவில் இறங்கினாள். பஃபலோ ரோட்டில் அந்த நேரத்துக்கே கூட்டம் நெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊரோடு பேசியபடி நின்றார்கள். மீன், கறிவேப்பிலை, சாம்பிராணி எல்லாம் சேர்ந்த வாசனை. அவள் பூக்கடைக்காரர் செல்லக்கண்ணுவிடம் போனாள். கல்யாணம் ஆன காலத்திலிருந்து அவரிடம்தான் பூ.

"வாங்கம்மா. சூசை அண்ணனுக்குத்தானே? கட்டி வச்சிருக்கேன்" என்று ரோஜா மாலையை எடுத்தார். "காலையிலேருந்து இதே பேச்சுதான். உட்லண்ட்ஸ் தாண்டிட்டாங்களாம். புக்கிட் தீமா ரோட்டுல வந்துக்கிட்டு இருக்காங்களாம். இந்த வழியாத்தான வருவாரு?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"நானும் ஒரு மாலை போடுவேன். எங்க கோயில் உங்க கோயில்னு எல்லாம் இல்ல. பெத்த பிள்ளைக்காக ஒரு மனுஷன் இப்படி வர்றான்னா சும்மாவா." இலையில் மாலையைச் சுற்றியவர் அவள் முகத்தைப் பார்த்தார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடணும்."

"தம்பி எப்படி இருக்கான்?"

"அப்படியேதான் இருக்கான்."

"அண்ணன் வந்துட்டாருல்ல, இனி எல்லாம் சரியாயிரும்."

அவள் மாலையை வாங்கிக்கொண்டு ஆஃபிர் ரோட்டுக்கு நடந்தாள். வெயில் தலையைப் பிளந்தது. கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிரியாணிச் சட்டிகள் வந்து இறங்கியிருந்தன. அவளைக் கண்டதும் பெண்கள் வழிவிட்டார்கள். சிலர் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளுக்கு ஏனென்று புரியவில்லை.

சைக்கிள்கள் வந்தன. முன்னால் இளைஞர்கள், நடுவில் சூசைநாதன். தேக்காவிலேயே கழுத்து நிறைய மாலை விழுந்திருந்தது. வாசலில் இறங்கியபோது அவருக்குக் கால் நிற்கவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சாமியார் தீர்த்தம் தெளித்தார். வரவேற்புரை படித்தார்கள். பிறகு ரஞ்சன் மைக்கை வாங்கினான். 

"அங்கிள், உங்ககிட்ட ஒரு விஷயம் மறைச்சிட்டோம். சாரி. நம்ம யோங் பெங்ல இருந்தப்ப ஜேடனுக்கு ரொம்ப சீரியஸ். ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. டாக்டருங்களே கை விட்டுட்டாங்க. அவஸ்தைப் பூசுதல்கூடக் குடுத்தாச்சு. ஆனா நேத்து, நீங்க ஜொகூர் பாரு வந்து சேர்ந்தீங்கல்ல, அதே நேரம் காய்ச்சல் இறங்கிருச்சு அங்கிள். டாக்டருங்களுக்கே புரியல. அவன் பொழைச்சுட்டான்."

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ மண்டியிட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் பலர் மண்டியிட்டார்கள். சேனைத் தலைவி 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினாள். சாமியார் மட்டும் கொஞ்சம் தயங்கி நின்றார்.

ரஞ்சன் மைக்கைச் சூசைநாதனின் வாயருகில் பிடித்திருந்தான். அவர் உதடு அசைந்தது.

"பொழைச்சுட்டானா?" என்றார்.

அந்தக் குரல் ஒலிபெருக்கி வழியாகத் தெருவரை கேட்டது. கேட்டவர்கள் அழுதார்கள். ஒரு தகப்பனின் சந்தோஷம் தாங்காத குரல் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். ஆனால் பிலோமினம்மாள் அவர் முகத்துக்கு நேரே நின்றிருந்தாள். அந்த முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த முகம். அதில் சந்தோஷம் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். மாலையைப் போட்டாள். வெயிலில் வியர்வையும் வாடிய பூவும் நாறின. அவர் அவள் காதோரம் குனிந்தார்.

"பிலோ, உண்மையா?"

"ம்" என்றாள்.

பிரியாணி சாப்பிடாமல் இரண்டு பேரும் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.  வார்டில் அவர் மகனின் தலைமாட்டில் நின்று பார்த்தார். மூக்கில் ஆக்சிஜன், கண் திறந்து கூரையைப் பார்த்தபடி. அவர் அன்னம்மாள் கோயில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். போத்தல் பையிலேயே இருந்தது. ஷாரன் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு, "ரெண்டு பேரும் கீழ போய் ஏதாச்சும் சாப்பிடுங்க" என்று அனுப்பினாள்.

கீழே சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற இடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். அவர் வாங்கி வந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"ஏன் கூப்பிடலன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

"கூப்பிடாம விட்டது நல்லதுதான்."

"என்ன நல்லது?"

அவர் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"அன்னம்மா கோயில்ல திருவிழா அன்னிக்கு ஒரே கூட்டம். மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு முழங்கால்ல நின்னேன். பக்கத்துல ஒரு பொம்பள, சீனப் பொம்பள, சத்தமா அழுதுக்கிட்டே இருந்தா. எனக்கு அழுகை வரல. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்." நிறுத்தினார். "எடுத்துக்க தாயேன்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனக் குணமாக்குன்னு கேக்க எனக்கு வாய் வரல பிலோ. எல்லாரும் அதைத்தான் கேக்கப் போறேன்னு சொல்லி மாலை போட்டு அனுப்புனாங்க. நான் வழி நெடுக இதத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். மிதிக்கிறப்ப ஒவ்வொரு மிதிக்கும் அதான். எடுத்துக்க, எடுத்துக்கன்னு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பயம். நீ அவன் ஒருத்தனுக்காகத்தான் உயிரோட இருக்கே. உங்கிட்ட இதச் சொன்னா நீ என் மூஞ்சியில முழிக்க மாட்டியோன்னு நினைச்சேன்."

பக்கத்து மேஜையைத் துடைக்க வந்த கிழவி அவர்கள் மேஜையில் தட்டு எதுவும் இல்லாததைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனாள்.

"டாக்டர் கேட்டாங்க" என்றாள் பிலோமினம்மாள். "மூச்சுக்குழாய் போடவான்னு. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"நீயா?"

"நான்தான். ஷாரன் உங்களக் கேக்கணும்னு சொன்னா. நான் விடல. நீங்க வந்தா போடுன்னு சொல்லுவீங்க, அதான் கூப்பிடக் கூடாதுன்னுட்டேன். நகமெல்லாம் வெட்டி ரெடி பண்ணி வச்சிருந்தேன்."

அவர் கையை நீட்டி மேஜைமேல் இருந்த அவள் கையைத் தொட்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் நின்றிருக்கிறார்கள். மூன்று வருஷம் ஒரே ஹாலில் படுத்து எழுந்தும் அது தெரியாமல் போயிருக்கிறது. தெரிந்த பிறகும் ஆறுதல் ஒன்றும் வரவில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றார்.

"ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு விட்டுருவாங்களாம். மெத்தையில ஒரு பக்கம் காத்து நிக்க மாட்டேங்குது. ஆளக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லணும்."

"அடுத்த தடவை காய்ச்சல் வந்தா?"

"என்னால இன்னொரு தடவை சொல்ல முடியாதுங்க. ஒரு தடவைதான் சொல்ல முடிஞ்சது. அதுக்கே உசுரு போயிருச்சு."

"என்னாலயும் கேக்க முடியாது" என்றார் அவர்.

டீயை அப்படியே வைத்துவிட்டு மேலே போனார்கள்.

ஜேடன் வீட்டுக்கு வந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஜனங்களும் வந்தார்கள். கோயில்காரர்கள் வரிசையாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று ஜெபமாலை சொன்னார்கள். யாரோ அவன் போர்வையை முத்தமிட்டார்கள். ஒருத்தி அவன் கண் தன் பக்கம் திரும்பியதாகச் சொல்ல, இன்னொருத்தி தானும் பார்த்ததாகச் சொன்னாள். பிலோமினம்மாள் நாற்காலிகளை எடுத்துப் போட்டாள், மைலோ கலந்தாள், அவர்கள் போனதும் தரையைத் துடைத்தாள். சூசைநாதன் இப்போது காப்பிக்கடைக்குப் போவதில்லை. கீழே போனால் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். அதனால் வீட்டிலேயே இருந்தார். சளி மெஷின் போடும்போதும் காரிடாருக்குப் போகாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். ஜூரோங்கிலிருந்து வருவதாகவும், பேர் கமலா என்றும் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"நாங்க இந்து. வரலாமாங்க?"

"உள்ள வாம்மா" என்றாள் பிலோமினம்மாள்.

கமலா உட்கார்ந்தாள். கட்டிலைப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்ததும் ஒரே மூச்சில் குடித்தாள். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். மொட்டைத் தலையும் பெரிய கண்ணுமாக ஒரு சிறுமி.

"ரக்ஷனா. ஒன்பது வயசு. தலைக்குள்ள கட்டி. ரெண்டு ஆபரேஷன் பண்ணியாச்சு. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னுட்டாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா உங்க கோயிலுக்கு வர்றவங்க. அவங்கதான் ஐயாவப் பத்திச் சொன்னாங்க. எனக்கு சைக்கிள் ஓட்ட வராது. பஸ்ல போறேன். அந்த அம்மா கிட்ட எப்படிக் கேக்கணும்னு தெரியல. அதான் வந்தேன்."

சூசைநாதன் ஜன்னல் பக்கத்திலிருந்து திரும்பவில்லை. பிலோமினம்மாள்தான் பேசினாள்.

"இங்க பாரும்மா. உங்கிட்டப் பொய் சொல்லக் கூடாது. இவர் போனதுனால ஒண்ணும் நடக்கல. இவன் முன்ன எப்படி இருந்தானோ அப்படியேதான் இருக்கான். கண்ணு தெரியாது, காது கேக்காது. காய்ச்சல் வந்துச்சு, மருந்து குடுத்தாங்க, போயிருச்சு. அவ்வளவுதான்."

கமலா அவளை மரியாதையோடு பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"உங்களுக்கு நடந்திருச்சுக்கா. அதனால அப்படிச் சொல்றீங்க. எனக்கு என் பிள்ள இந்த மாதிரி கண்ணத் தொறந்து கெடந்தாக்கூடப் போதும்."

ஜேடனுக்குப் பால் விடுகிற நேரம் வந்திருந்தது. பிலோமினம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

கமலாவுக்கு எல்ஆர்டி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வரும்போதே வழி தப்பிச் சுற்றியிருக்கிறாள். சூசைநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு கூட நடந்தார். மழைக்கு முந்தின புழுக்கம். அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். ரக்ஷனாவுக்கு மீன் பந்து சூப் பிடிக்கும் என்றாள். இப்போது அதையும் விழுங்க முடியவில்லை என்றாள். மேடையில் ஏறி நின்றார்கள். ரயில் வரக் கொஞ்ச நேரம் இருந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அங்க நீங்க என்ன சொல்லி வேண்டுனீங்க? அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க. நானும் அதையே சொல்லிக்கிறேன். நானா ஏதாச்சும் தப்பாக் கேட்டுரக் கூடாதுல்ல."

சூசைநாதன் தண்டவாளத்தைப் பார்த்தார். தூரத்தில் வளைவில் ரயில் தெரிந்தது. ஒரே பெட்டி. அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, படிக்கப் போகிற பிள்ளை மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாயே," என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடு."

"தாயே, என் பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடு."

"அவன் என்னக் கூப்பிடணும். ஒரே ஒரு தடவையாச்சும்."

"அவ என்னக் கூப்பிடணும். ஒரே ஒரு தடவையாச்சும்." அவள் அதை மகளுக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டாள். "அவ்வளவுதானாங்க?"

"அவ்வளவுதான்."

ரயில் வந்து கதவு திறந்தது. கமலா குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் பின்வாங்குவதற்குள் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதடு அசைந்துகொண்டே போவது வளைவுவரை தெரிந்தது.

மேடையில் வேறு யாரும் இல்லை. மழை தொடங்கியது. சூசைநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை, அன்றுவரை. அடுத்த ரயில் வந்து, ஆட்கள் இறங்கிக் குடை விரித்துக் கலைந்து போனார்கள். வீட்டில் பிலோமினம்மாள் தனியாக இருப்பாள் என்று நினைவு வந்தது. நனைந்தபடி படியிறங்கினார்.